சுக்கிரனுக்குக் கொடுத்த பணம்

சூரியனின் வட்டத்துக்குக் குறுக்கே சுக்கிரன் ஒரு கரும்புள்ளியாக ஊர்ந்து போவது உண்டு. பல இடங்களிலிருந்து அதற்கு நேரம் குறித்தால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். 1769-ல் தவறவிட்டால் மறுபடி 1874 வரையில் காத்திருக்க வேண்டும். லண்டன் ராயல் சொஸைட்டியார் விண்ணப்பித்தார்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 4,000 பவுன் கொடுத்தார்.

1768 ஆகஸ்டில் காப்டன் குக்கின் 'எண்டெவர்' கப்பல் புறப்பட்டது. செடிகொடிப் பைத்தியமான ஜோசப் பாங்க்ஸ் என்ற 25 வயதுச் சீமானும் அதில் ஏறிக்கொண்டார். கப்பலில் இடம் மட்டும் சர்க்கார் உபயம். கூடப்போன தாவர நூல் வல்லுநர் சோலாண்டர், சித்திரக்காரர்கள், வேலையாட்கள் எல்லாரும் பாங்க்ஸின் சொந்தச் செலவு. அது 10,000 பவுன் என்று அந்நாளிலேயே பேசிக்கொண்டார்கள். மன்னர் கொடுத்ததைப் போல் இரண்டரை மடங்கு!

ஜூன் 3-ஆம் தேதி தாஹிதித் தீவில் வானம் நிர்மலமாக இருந்தது. (அதே காட்சிக்காக நம் புதுச்சேரியில் தவம் கிடந்த பிரெஞ்சுக்காரர் லெ ஜாந்தீலுக்கு மேகம்தான் தரிசனம் தந்தது. பாவம்!) சுக்கிரனின் விளிம்பு மங்கித் தெரிந்ததால் தாஹிதியில் ஆளுக்கு ஒரு நேரம் குறித்தார்கள். ஆனாலும் பல நாட்டுக் குறிப்புகளையும் சேர்த்து 1771-ல் ஹார்ன்ஸ்பி சொன்ன தூரம், இன்றைய கணக்கிலிருந்து நூற்றுக்கு ஒன்றுகூட விலகவில்லை. மன்னரின் பணம் வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

செடிகளின் கதைதான் வேறு. சுமார் 30,000 உலர்ந்த மாதிரிகள் வந்து இறங்கின. ஏறக்குறைய 1,400 வகைகள் ஐரோப்பிய அறிஞர்கள் அறியாதவை. அவற்றைப் படம் எழுதிய இளைஞர் சிட்னி பார்க்கின்ஸன் வரவில்லை. 1771 ஜனவரியில் நடுக்கடலில் இறந்துபோனார். அவருடைய சித்திரங்களைக் கொண்டு பாங்க்ஸ் 740-க்கு மேற்பட்ட செப்புத் தகடுகள் செதுக்கவைத்தார். புத்தகமோ வெளிவரவில்லை. 1782-ல் சோலாண்டர் போனார், 1820-ல் பாங்க்ஸும் போனார். சொந்தப் பணத்தில் தொடங்கிய காரியம் சொந்தக்காரரோடு நின்றது. தகடுகள் முழுவதும் வண்ணத்தில் அச்சேறியது 1980-க்கும் 1990-க்கும் இடையில்!

அதற்குள் மனிதன் சந்திரனில் நடந்து திரும்பியும் விட்டான். அங்கேயும் ஒரு கெடு இருந்தது பாருங்கள்: இந்தப் பத்தாண்டுக்குள் என்று 1961-ல் கென்னடி நாள் குறித்தார், அமெரிக்கக் கஜானா சுமார் 2,500 கோடி டாலர் கொடுத்தது. கெடு இருந்தால் சர்க்கார்கள் அசைகின்றன. காட்டில் மறைகிற செடிக்கு யார் நாள் குறிப்பது?

பூமியில் 87 லட்சம் உயிர்வகைகள் இருக்கலாம் என்று 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டார்கள். அப்போது பெயரிட்டுப் பதிவு செய்திருந்தவை சுமார் 12 லட்சம்.