செவிநரம்புக் கட்டிச் சிகிச்சையின் வரலாறு

செவியிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பில், உடலின் சமநிலையைப் பேணும் கிளையின் உறையிலே, அரிதாக ஒரு கட்டி தோன்றுவதுண்டு. அது புற்றுநோயன்று, பிற உறுப்புகளுக்குப் பரவுவதுமில்லை. பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீற்றர் அளவே வளரும். ஆயினும் முகநரம்பும் மூளைத்தண்டும் அதனை அடுத்திருத்தலால், அதனை அகற்றுதல் நெடுங்காலம் உயிராபத்தான செயலாகவே இருந்தது.

1777 இல் ஒல்லாந்தின் லைடன் நகரைச் சேர்ந்த சாண்டிபோட் என்பார் பிரேத பரிசோதனையில் இக்கட்டியைக் கண்டு விவரித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்குச் சத்திரசிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பேர் இறந்தனர். அமெரிக்கரான ஹாவி குஷிங் கட்டியின் உள்ளீட்டை மட்டும் அகற்றி, உறையை விட்டுவைத்தார். 1917 இல் அவரது நூல் வெளிவந்த காலத்தில் இறப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 20 ஆகக் குறைந்திருந்தது. ஆனால் எஞ்சிய பகுதி மீண்டும் வளர்ந்து பலரை வருத்தியது. அவரிடம் பயின்ற வோல்ற்றர் டாண்டி, கட்டியை முழுவதும் அகற்றும் முறையை 1925 இல் விளக்கினார். கட்டி நீங்கியது, ஆயின் பலருடைய முகம் வாதமுற்றது.

1960களில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே வில்லியம் ஹவுஸ், நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு செவியெலும்பின் ஊடாகக் கட்டியை அணுகி, முகநரம்பைக் காக்க வழிகண்டார். 1969 இல் சுவீடனில் லெக்செல், கத்தியின்றிக் காமாக் கதிர்களால் சிகிச்சை செய்யத் தொடங்கினார்.

இன்றோ, கட்டி சிறிதாயின், காந்த அதிர்வுப் படங்களால் அதனை அவதானித்துக் காத்திருத்தலும் தக்க சிகிச்சையெனக் கொள்ளப்படுகின்றது. கட்டியை அகற்றுதலினும் நோயாளியின் வாழ்வைக் காத்தலே மேலான நோக்கம் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.