மூளையதிர்ச்சி

மூளையதிர்ச்சி என்பது தலையில் விழும் அடியினாலோ, உடலின் வேறு பகுதியில் ஏற்பட்ட மோதலின் விசை தலையைச் சென்றடைவதினாலோ மூளையின் செயற்பாடு தற்காலிகமாகக் குலையும் நிலை ஆகும். இது தலைக்காயங்களுள் இலேசான வகையைச் சேர்ந்ததாக மருத்துவத்தில் வகைப்படுத்தப்படுகிறது. மண்டையோடு உடையாமலும், வெளிக்காயம் ஏதுமின்றியும், நினைவு தப்பாமலும் கூட மூளையதிர்ச்சி ஏற்படலாம். இரு சக்கர ஊர்தி விபத்துகள், கீழே விழுதல், விளையாட்டுக் காயங்கள், அடிதடி ஆகியன இதன் முதன்மையான காரணங்களாகும். புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் இவற்றுள் முதலிடம் இரு சக்கர ஊர்தி விபத்துகளுக்கே உரியது.

பெயர்

தமிழில் அதிர்ச்சி என்னும் சொல் மன அதிர்ச்சி, மின்னதிர்ச்சி எனப் பல பொருளில் வழங்குவதால் மூளையதிர்ச்சி என்பதும் ஏதோ மனம் சார்ந்த நிலை என்று தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது உண்டு. இங்கு அதிர்ச்சி என்பது அதிர்தல், குலுங்குதல் என்னும் நேர்ப்பொருளிலேயே ஆளப்படுகிறது. பிரெஞ்சு மொழியில் இது 'கொம்மோசியோன் செரெப்ரால்' எனப்படும். அதன் பொருளும் மூளைக் குலுக்கம் என்பதே. பேச்சு வழக்கில் 'உள்காயம்', 'மண்டையில் உள்ளடி' என்ற சொற்கள் இதனையும் மூளைக்குள் இரத்தம் கசிதலையும் ஒருசேரக் குறிக்கின்றன. இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதும், முதலாவதன் மறைவில் இரண்டாவது இருந்துவிடக்கூடும் என்பதும் கீழே விளக்கப்பட்டுள்ளன.

வரலாறு

பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாரசீக மருத்துவர் அல்-ராசி மூளையதிர்ச்சியை மண்டை உடைவிலிருந்து வேறுபட்ட ஒரு நிலையாகப் பிரித்துக் கூறியவர் எனக் கருதப்படுகிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிசு நகர அறுவை மருத்துவர் இழான் லூயி பெட்டி, மூளை அதிர்வது வேறு, மண்டைக்குள் இரத்தம் சேர்ந்து மூளை அழுத்தப்படுவது வேறு என்று விளக்கினார். தமிழ் மரபில், சித்த மருத்துவத்தின் ஒரு பிரிவாகிய வர்மக்கலை கழுத்துக்கு மேல் 25 வர்மப் புள்ளிகளைக் கூறுகிறது. வெளிக்காயம் இல்லாத அடியும் உயிரைப் பாதிக்கும் என்ற அறிவு அதில் உண்டு. எனினும் தலையில் அடிபட்டவருக்கு வர்ம இளக்குமுறை என்ற பெயரில் கழுத்தைத் திருகுவது ஆபத்தானது. கழுத்தெலும்பும் உடைந்திருக்கக்கூடும்.

மூளைக்குள் நிகழ்வது

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடை கொண்டது. கட்டித் தயிரைப் போன்று மென்மையான அது, மண்டையோட்டினுள் மூளைத் தண்டுவடத் திரவத்தில் மிதந்த நிலையில் உள்ளது. அன்றாட அசைவுகளிலிருந்து மூளையைக் காக்க அத்திரவம் போதுமானது. ஆனால் ஓடும் வண்டியிலிருந்து விழுந்து தலை தரையில் மோதும்போது மண்டையோடு உடனே நின்றுவிடுகிறது, மூளையோ நிற்பதில்லை.

நேர்கோட்டில் வரும் விசையைவிடத் தலையைச் சுழற்றும் விசையே மூளையதிர்ச்சியை மிகுதியாக உண்டாக்குகிறது. நீர் நிறைந்த குடத்தைச் சட்டெனத் திருப்பினால் குடம் முதலில் திரும்பும், உள்ளிருக்கும் நீர் பின்தங்கும். அவ்வாறே மூளையின் வெளிப்பகுதியும் உட்பகுதியும் வெவ்வேறு வேகத்தில் அசைவதால் அவற்றை இணைக்கும் நீண்ட நரம்பிழைகள் இழுபடுகின்றன.

இழுபட்ட நரம்பணுக்களின் சவ்வில் கசிவு ஏற்பட்டு, உள்ளே இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது, வெளியே இருக்கவேண்டிய கால்சியம் உள்ளே நுழைகிறது. குளுட்டமேட்டு என்னும் கிளர்ச்சிப் பொருள் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. இந்நிலையைச் சீராக்க அணுக்களில் உள்ள இறைப்பிகள் முழு மூச்சில் இயங்குவதால் குளுக்கோசு பெருமளவில் செலவாகிறது. அதே வேளையில் மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் குறைந்துவிடுகிறது. தேவை மிகும்போது வரத்துக் குறையும் இந்த ஆற்றல் நெருக்கடி சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை நீடிக்கிறது. அடிபட்டவர் படிப்பதற்கும் கணக்குப் போடுவதற்கும் கூடச் சோர்ந்து போவதற்கு இதுவே காரணம். சோம்பலோ நடிப்போ அன்று.

அறிகுறிகள்

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், மங்கலான பார்வை, வெளிச்சத்தையும் இரைச்சலையும் தாங்க இயலாமை, கவனக்குறைவு, மந்தமான பேச்சு, எரிச்சல், காரணமற்ற அழுகை, தூக்கக் குலைவு ஆகியன பொதுவான அறிகுறிகளாகும். நினைவு தப்புதல் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நிகழ்கிறது. ஆகவே 'மயக்கம் வரவில்லை, ஆகையால் ஒன்றுமில்லை' என்று கொள்வது பிழையாகும்.

விபத்துக்குச் சற்று முன்னும் பின்னும் நடந்தவை மறந்துபோவது குறிப்பிடத்தக்க அறிகுறியாகும். அடிபட்டவர் 'நான் எப்படி இங்கே வந்தேன்' என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். விடை சொன்னாலும் சில நிமிடங்களில் மீண்டும் கேட்பார். உறவினரை அச்சுறுத்தும் இந்நிலை பெரும்பாலும் சில மணி நேரத்தில் அகன்றுவிடும். விபத்து நடந்த கணத்தின் நினைவு மட்டும் பலருக்கு என்றுமே திரும்புவதில்லை. காவல் நிலையத்தில் வாக்குமூலம் தரும்போது இதனால் சிக்கல் எழுவதுண்டு.

தள்ளாட்டம், குழறும் பேச்சு, வாந்தி ஆகியன மது அருந்தியவரிடமும் காணப்படும். மதுக்கடைகள் மிகுந்த புதுச்சேரி போன்ற நகரில், மது வாடை வீசும் ஒருவர் சாலையோரம் கிடந்தால் குடிபோதை என்று கடந்து செல்வதே வழக்கமாகிவிட்டது. மது அருந்தியவரும் கீழே விழுந்து தலையில் அடிபட்டிருக்கலாம். இத்தகையோரை உறங்கித் தெளியட்டும் என விட்டுவிடுவது உயிரிழப்பில் முடியக்கூடும்.

ஆபத்துக் குறிகள்

கன்னப்பொறியில் உள்ள எலும்பு மெல்லியது. அதனை ஒட்டி உட்புறத்தில் ஓடும் தமனி அறுந்தால் மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே இரத்தம் சேரும். அடிபட்டவர் தொடக்கத்தில் சிறிது நேரம் மயங்கி, பின் தெளிந்து, இயல்பாகப் பேசிக்கொண்டிருந்து, சில மணி நேரங் கழித்து மீண்டும் நினைவிழப்பார். 'நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்' என்று குடும்பத்தினர் பின்னர் வருந்திக் கூறுவது இந்த இடைவெளியைப் பற்றியே. உரிய நேரத்தில் அறுவை செய்து இரத்தக்கட்டியை அகற்றினால் இவருள் பலர் முழுமையாகப் பிழைத்துக்கொள்வர்.

கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், கண்மணிகள் இரண்டும் வெவ்வேறு அளவில் இருத்தல், காதிலோ மூக்கிலோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல், எழுப்ப எழுப்ப எழாமை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்பட்டாலும் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்ளும் முதியவர்கள் சிறு அடிக்கும் மருத்துவரைக் காண்பது நல்லது. அவர்களிடம் இரத்தக்கசிவு சில வாரங்கள் கழித்தும் வெளிப்படலாம்.

நினைவு மங்கியவரின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுதல், தோளைப் பிடித்து உலுக்குதல், வலிப்பின்போது கையில் இரும்புச் சாவி கொடுத்தல் ஆகியன நம் ஊர்களில் காணப்படும் தவறான செயல்களாகும். முதல் இரண்டும் நேரடியாகத் தீங்கு விளைவிப்பவை, மூன்றாவது நேரத்தை வீணாக்குவது.

கண்டறிதல்

மருத்துவர் முதலில் கிளாசுக்கோ நினைவிழப்பு அளவுகோலைப் பயன்படுத்துவார். 1974 ஆம் ஆண்டு கிளாசுக்கோ நகரில் உருவாக்கப்பட்ட இவ்வளவுகோல் கண் திறத்தல், பேச்சு, உடலசைவு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் இட்டு 3 முதல் 15 வரை கணக்கிடுகிறது. 13 முதல் 15 வரை பெறுவோர் இலேசான தலைக்காயம் உடையோராவர்.

சி. டி. ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும், மூளையதிர்ச்சியைக் காட்டாது. நரம்பணுக்களின் வேதியியல் குலைவு அப்படத்தில் பதிவதில்லை. எனவே 'ஸ்கேன் நார்மல்' என்ற சொல்லுக்கு உயிராபத்தான கசிவு இல்லை என்பது மட்டுமே பொருள். மூளைக்கு ஒன்றும் நேரவில்லை என்பதன்று. இந்த வேறுபாடு விளக்கப்படாததால், மறு நாளே வேலைக்கு அனுப்பப்பட்டுத் தலைவலியோடும் மறதியோடும் போராடுவோர் பலர். படம் சரியாக இருக்கும்போது இவன் ஏன் இப்படி இருக்கிறான் என்னும் ஏச்சும் அவர்களுக்குக் கிட்டுகிறது.

மீளுதல்

மூளையதிர்ச்சிக்கெனத் தனி மருந்து இல்லை. தலைவலிக்குப் பாரசிட்டமால் தரப்படுகிறது. இரத்தக்கசிவு இல்லையென்று உறுதியாகும் வரை ஆசுப்பிரின் தவிர்க்கப்படுகிறது. முன்னர் வாரக்கணக்கில் இருட்டறையில் படுத்திருக்கும்படி அறிவுறுத்தப்பட்டது. தற்போது முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை ஓரளவு ஓய்வும், அதன்பின் தொல்லை மிகாத அளவில் நடை முதலான இலேசான அசைவுகளும் பரிந்துரைக்கப்படுகின்றன. கைப்பேசித் திரையைத் தொடக்க நாட்களில் குறைத்துக்கொள்வது பயன் தரும். அடிபட்டவரைத் தூங்கவே விடக்கூடாது என்ற நம்பிக்கை சரியன்று. ஆபத்துக் குறிகள் இல்லாதவர் தூங்கலாம். முதல் இரவில் உடன் ஒருவர் இருக்கவேண்டும்.

வளர்ந்தோரில் பெரும்பாலோர் இரண்டு வாரங்களிலும், சிறுவர் நான்கு வாரங்களிலும் குணமடைகின்றனர். மாணவர்கள் சில நாட்கள் அரை நாள் மட்டும் பள்ளிக்குச் செல்வது, வீட்டுப்பாடத்தைக் குறைப்பது முதலிய ஏற்பாடுகள் தேவைப்படலாம். பொதுத்தேர்வுக் காலத்தில் இது எளிதாக நடப்பதில்லை. ஒரு பகுதியினருக்குத் தலைவலியும் கவனக்குறைவும் மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு.

முழுமையாக மீளாத மூளை மீண்டும் அடிபடுவது முதல் அடியைவிடத் தீங்கானது. இளைஞரிடம் அரிதாக மூளை விரைந்து வீங்கி உயிரிழப்பும் நேரலாம். பலமுறை அடிபட்ட குத்துச்சண்டை வீரரின் தடுமாற்றத்தை 1928 ஆம் ஆண்டு அமெரிக்க நோயியல் வல்லுநர் மார்ட்லண்டு விவரித்தார்.

விளையாட்டில்

2019 ஆம் ஆண்டு முதல் பன்னாட்டுக் கிரிக்கெட்டில் மூளையதிர்ச்சி அடைந்தவருக்கு மாற்றாக வேறொருவர் முழுமையாக விளையாடலாம். அவ்வாண்டு இலார்ட்சு தேர்வில் இசுட்டீவ் சிமித்துக்கு மாற்றாக மார்னசு இலபுசேன் ஆடியதே முதல் நிகழ்வாகும். 2020 திசம்பர் 4 அன்று கான்பெராவில் பந்து தலைக்கவசத்தில் பட்ட இரவீந்திர சடேசாவுக்கு மாற்றாக வந்த யுசுவேந்திர சகல் மூன்று இலக்குகளை வீழ்த்தி ஆட்ட நாயகனானார். இம்மாற்றத்திற்கு ஆத்திரேலிய அணியின் பயிற்சியாளர் களத்திலேயே மறுப்புத் தெரிவித்தார். சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த த. நடராசன் பன்னாட்டு இருபது-20 போட்டியில் அறிமுகமானதும் அதே ஆட்டத்தில்தான். தெருக்களிலும் திடல்களிலும் ஆடப்படும் ஆட்டங்களுக்கு இத்தகைய விதி ஏதும் இல்லை. அடிபட்ட சிறுவன் முகம் கழுவிவிட்டுத் திரும்பவும் மட்டையைப் பிடிப்பதே வழக்கம்.

புதுச்சேரியில்

புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு 1823 ஆம் ஆண்டு மருத்துவப் பள்ளி ஒன்றை நிறுவியது. அதன் வழிவந்ததாகக் கருதப்படும் ஜிப்மர் 1964 ஆம் ஆண்டு அப்பெயரைப் பெற்றது. 2008 ஆம் ஆண்டு நாட்டின் முதன்மை வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. கோரிமேட்டில் அமைந்துள்ள இம்மருத்துவமனைக்குப் புதுச்சேரியிலிருந்து மட்டுமன்றி விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலிருந்தும் தலைக்காயமுற்றோர் கொண்டுவரப்படுகின்றனர்.

இருசக்கர ஊர்தி ஓட்டுவோரும் பின்னால் அமர்வோரும் தலைக்கவசம் அணியவேண்டும் என மோட்டார் வாகனச் சட்டத்தின் 129 ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் புதுச்சேரியில் இவ்விதி பலமுறை அறிவிக்கப்பட்டும் தளர்த்தப்பட்டும் வந்துள்ளது. சிறிய நகரம், குறுகிய தொலைவு, கடும் வெயில் என்பன மறுப்போர் கூறும் காரணங்கள். 2019 பெப்ரவரியில் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி சாலையில் இறங்கித் தலைக்கவசமின்றி வந்தோரைத் தடுத்து நிறுத்தினார். முதலில் விழிப்புணர்வு, பின்னரே கட்டாயம் என்பது அப்போதைய முதலமைச்சர் வே. நாராயணசாமியின் நிலைப்பாடாக இருந்தது. பெப்ரவரி 13 அன்று ஆளுநர் மாளிகை முன் அவர் தொடங்கிய மறியலுக்கான காரணங்களுள் தலைக்கவச விதியும் ஒன்று. தலைக்காயம் ஓர் ஆட்சி மோதலின் பொருளானது அரிதான நிகழ்வு எனலாம். 2025 சனவரியில் தலைக்கவசம் மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. மீறுவோருக்குச் சட்டப்படி 1000 ரூபாய் தண்டமும் மூன்று மாதம் உரிமம் நிறுத்திவைப்பும் உண்டு.

தலைக்கவசம் தலைக்காயத்தை ஏறத்தாழ 69 விழுக்காடும் இறப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும் குறைப்பதாக 2008 ஆம் ஆண்டின் கொக்கிரேன் ஆய்வுத் தொகுப்பு தெரிவிக்கிறது. மண்டை உடைவையும் இரத்தக்கசிவையும் தடுப்பதில் அது சிறந்தது. சுழல் விசையை முழுமையாகத் தடுக்காததால் கவசம் அணிந்தவருக்கும் மூளையதிர்ச்சி ஏற்படலாம். கழுத்துப்பட்டை மாட்டப்படாத கவசம் மோதலின்போது முதலில் கழன்று விழும். புடவை உடுத்திப் பின்னிருக்கையில் ஒருபக்கமாக அமரும் பெண்கள் வேகத்தடையில் வண்டி துள்ளும்போது பின்னந்தலை தரையில் பட விழுகின்றனர். அவர்களிடம் தலைக்கவசம் இருப்பது அரிது.

விபத்தில் சிக்கியவரை மருத்துவமனையில் சேர்ப்போரைத் துன்புறுத்தக்கூடாது என்ற வழிகாட்டு நெறிகளை உச்ச நீதிமன்றம் 2016 ஆம் ஆண்டு ஏற்று நடைமுறைப்படுத்தியது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இது 134-அ பிரிவாக மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம்பெற்றது. உதவுபவர் தம் பெயரைத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விழுந்தவர் எவ்வளவு நேரம் நினைவின்றி இருந்தார், வாந்தி எடுத்தாரா, வலிப்பு வந்ததா என்னும் விவரங்களை மட்டும் அவர் மருத்துவரிடம் சொல்லிச் சென்றால் அது பெரிதும் பயன்படும். ஏனெனில் அடிபட்டவருக்கு அது நினைவில் இராது.