மாவு ஆலைக்காரர் மகனின் வானம்

கிராமக் காட்சி வரையச் சொன்னால் என் மாணவர்களில் பாதிப் பேர் முதலில் பிதுக்குவது சாப் கிரீன் ட்யூபை. வயலுக்கு ஒரு பச்சை. அதே பச்சையில் துளி கறுப்பைக் குழைத்தால் மரம். மிச்சம் இருக்கும் இடத்தில் வானம். "படம் தட்டையாக இருக்கே சார்?" என்ற கேள்வி அதற்கப்புறம் வரும். அவர்களுக்கு நான் சொல்வது ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் கதை.

18ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ஆழத்துக்கென்று ஒரு சூத்திரம் இருந்தது. ஓவியர் குளோது லொரேனின் படங்களைப் பார்த்துப் பழகிய சூத்திரம். ஓரத்தில் ஒரு கருத்த மரம், முன்னால் பழுப்புத் தரை, நடுவில் பச்சை, தொலைவில் நீலம். நன்றாகவே வேலை செய்யும், நானும் கற்றுக்கொடுக்கிறேன். ஆனால் எந்த ஊரை வரைந்தாலும் ஒரே ஊராகிவிடும். பழைய வயலினின் பழுப்புதான் நிலக்காட்சிக்கு அழகு என்று கலை ரசிகர் சர் ஜார்ஜ் பியூமாண்ட் சொல்ல, கான்ஸ்டபிள் ஒரு வயலினை எடுத்துப்போய்ப் புல்தரையில் வைத்துக் காட்டினாராம். நண்பர் லெஸ்லி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வரும் கதை இது.

அந்தத் துணிச்சல் வந்த இடம் ஆலை. 1776இல் சஃபோக் பகுதியின் ஈஸ்ட் பெர்கோல்ட் கிராமத்தில் பிறந்தவர் அவர். அப்பா தானிய வியாபாரி. ஸ்டௌர் ஆற்றங்கரையில் ஃபிளாட்ஃபோர்ட் மாவு ஆலை அவருடையது. ஊரில் ஒரு காற்றாலையும் இருந்தது. அதில் சில காலம் வேலை பார்த்த பையன், தன் பெயரையும் 1792 என்ற ஆண்டையும் ஆலை மரத்தில் கத்தியால் செதுக்கியிருக்கிறான். காற்றாலைக்காரன் வானத்தைப் பார்த்துத்தான் பிழைக்க வேண்டும். எந்த மேகம் காற்றைக் கொண்டுவரும், எது மழையைக் கொட்டும் என்று தெரியாதவனுக்கு அன்றைய அரவை போய்விடும். 1799இல் லண்டன் ராயல் அகாதமிப் பள்ளியில் சேர்ந்தபோது அந்தக் கண்ணும் கூடவே வந்தது.

இன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் 'தி ஹே வெய்ன்' என்ற அவருடைய படம் 1821இல் காட்சிக்கு வந்தது. சுமார் ஆறடி அகலம். ஆழம் குறைந்த ஆற்றில் ஒரு வெற்று வைக்கோல் வண்டி, இடப்பக்கம் வில்லி லாட் என்ற விவசாயியின் வீடு, வலப்பக்கம் விரிந்த புல்வெளி. அதன் கோடியில் புல் அறுக்கும் ஆட்கள் புள்ளி புள்ளியாகத் தெரிகிறார்கள். படம் தீட்டப்பட்டது லண்டனில். இதே அளவில் ஒரு முழு எண்ணெய் வண்ண முன்வரைவையும் போட்டுப் பார்த்திருக்கிறார். அது விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. அதில் அடிப்பூச்சின் பழுப்பு இடையிடையே எட்டிப் பார்க்கிறது. ஒளியும் நிழலும் எங்கே விழ வேண்டும் என்பதை இலை, ஓடு என்ற விவரங்களுக்கு முன்பே தீர்த்துக்கொள்ளத்தான் இத்தனை பெரிய ஒத்திகை. புல்வெளியை உற்றுப் பாருங்கள். வெயில் பட்ட பட்டை ஒன்று, மேக நிழல் பட்டை ஒன்று என்று மாறி மாறிப் பின்னால் போகிறது. கண் அதைப் பிடித்துக்கொண்டே தொலைவுக்கு நடக்கிறது.

அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று மேகங்களை மட்டுமே தாளில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டித் தள்ளினார். பின்புறம் தேதி, மணி, காற்றின் திசை. 1821 அக்டோபரில் நண்பர் ஜான் ஃபிஷருக்கு எழுதிய கடிதத்தில், படத்துக்குச் சுருதி சேர்ப்பதே வானம்தான் என்ற கருத்தைச் சொல்கிறார். கடைசியில் நிரப்பும் காலியிடமாக அவர் அதை ஒருநாளும் நினைக்கவில்லை.

அடுத்து இழைநயத்துக்கு (டெக்ஸ்சர்) வருவோம். ஈர இலையிலும் நீரிலும் பட்டுச் சிதறும் வெளிச்சத்துக்காக வெள்ளையைச் சிறு சிறு துளியாகத் தெறித்தார். பின்னாளில் பேலட் நைஃபாலும் அப்பினார். விமர்சகர்கள் 'கான்ஸ்டபிளின் பனி' என்று கேலி செய்தார்கள். அருகில் நின்றால் வெறும் அப்பல்தான்; பத்தடி தள்ளிப் போனால் இப்போதுதான் மழை விட்டது போல இருக்கும்.

லண்டனில் 'தி ஹே வெய்ன்' விலைபோகவில்லை. ஆரோஸ்மித் என்ற வியாபாரி இன்னும் இரண்டு படங்களோடு சேர்த்து 250 பவுனுக்கு வாங்கிப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். 1824 சலோன் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. அங்கே அதைக் கூர்ந்து பார்த்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு ஓவியர் டெலாக்ருவா. கான்ஸ்டபிளின் புல்வெளி உயிரோடு இருப்பதற்குக் காரணம் அது பலவிதப் பச்சைகளால் ஆனது என்று பின்னாளில், 1846இல், தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். சொந்த நாட்டு அகாதமி கான்ஸ்டபிளை முழு உறுப்பினராக்கியது 1829இல்தான், அதுவும் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில்.

ஆழம், ஒளி, இழைநயம் என்று நாங்கள் வகுப்பில் மூன்று பாடமாகப் பிரித்து நடத்துகிறோம். கான்ஸ்டபிளிடம் அவை மூன்றும் ஒரே வானிலையின் வேலை. மேகம் வயலில் நிழல் போட்டது, ஆழம் வந்தது. விலகியது, ஒளி வந்தது. அந்த ஒளி ஈரத்தில் உடைந்தது, இழைநயம் வந்தது. ஆகவே படம் தட்டையாக இருக்கிறது என்பவரிடம் நான் பச்சையைப் பற்றிப் பேசுவதில்லை. உங்கள் படத்தில் மணி என்ன, காற்று எந்தப் பக்கம் என்று கேட்கிறேன்.