முதியோரை ஏற்றுமதி செய்த கதை

1986-இல் ஜப்பானின் வர்த்தக, தொழில்துறை அமைச்சகம் 'சில்வர் கொலம்பியா 92' என்றொரு திட்டத்தை அறிவித்தது. கொலம்பஸ் கடல் கடந்து 500 ஆண்டுகள் நிறையவிருந்த 1992-ஐ நினைத்து வைத்த பெயர். யென்னின் மதிப்பு ஏறிக்கொண்டிருந்தது; ஓய்வூதியக்காரர்கள் ஸ்பெயின் போன்ற வெயில் நாடுகளில் குடியேறினால் வசதியாக வாழலாம் என்று கணக்குப் போட்டார்கள். கார்களை அனுப்பியது போதாதென்று கிழவர்களையும் அனுப்புகிறதா ஜப்பான் என்று கண்டனம் கிளம்பியதும் திட்டம் சுருங்கிப்போனது.

அதில் போகவிருந்தவர்கள் நடமாட்டம் உள்ளவர்கள், பிடிக்காவிட்டால் திரும்பிவரத் தெரிந்தவர்கள். அடுத்து அனுப்பப்பட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஜெர்மனியில் 1995-இல் பராமரிப்புக் காப்பீடு கட்டாயமானது. ஆனால் முதியோர் இல்லச் செலவில் ஒரு பகுதியைத்தான் அது தரும். மீதி ஓய்வூதியத்திலும் சேமிப்பிலும் போகும். அதுவும் தீர்ந்தால் அன்று பிள்ளைகளிடம் கேட்டார்கள். எல்லைக்கு அப்பால், போலந்திலும் செக் நாட்டிலும் ஸ்லோவாக்கியாவிலும் கட்டணம் குறைவு. காப்பீட்டின் ரொக்க உதவியை ஐரோப்பிய ஒன்றியத்தின் பிற நாடுகளில் வசிப்பவர்களுக்கும் தர வேண்டும் என்று 1998-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பங்கள் அந்த வழியில் போனதில் வியப்பில்லை. நாட்டைக் கட்டியெழுப்பியவர்களை நாடு கடத்துவதா என்று 2012-இல் வி.டி.கே. என்ற சமூக நலச் சங்கத்தின் தலைவி உல்ரிக்கே மாஷர் கொதித்தார். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அதைச் சுமக்க வேண்டியவர்கள் பிள்ளைகள் அல்லர், ஜெர்மனியின் இல்லக் கட்டணத்தை அப்படியே விட்டுவைத்த அரசு.

தாய்லாந்தின் சியாங் மாய் வேறொரு முகத்தைக் காட்டுகிறது. அங்கே எய்ட்ஸ் ஒழிப்புப் பணியில் இருந்த சுவிஸ்காரர் மார்ட்டின் வுட்லி, அல்சைமர் நோயுற்ற தன் தாயை அழைத்துவந்து கவனித்தார். அதிலிருந்து 2003-இல் பிறந்தது 'பான் கம்லாங்சாய்' இல்லம். ஒரு நோயாளிக்கு மூன்று பணிப்பெண்கள், இரவும் பகலும் முறைவைத்து. சுவிட்சர்லாந்தில் பெரும் பணக்காரருக்கே கட்டுப்படியாகும் கவனிப்பு இது. அந்தப் பெண்களின் அன்பு பொய்யில்லை. ஆனால் அங்கே வேலை செய்யும் ஒருத்தி தன் சொந்தப் பிள்ளைகளைத் தொலைவில் விட்டுவந்து அந்நியத் தாயைத் தாலாட்டுவதை, பெல்ஜிய இயக்குநர் கிறிஸ்டோஃப் பில்சனின் 'மதர்' ஆவணப்படம் 2019-இல் காட்டியது. அந்தப் பிள்ளைகள் இழப்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டாமா?

இன்னொன்றும் சேர வேண்டும். மறதிநோய் முற்றும்போது பிற்பாடு கற்ற மொழிகள் பெரும்பாலும் முதலில் நழுவும். பலருக்குத் தாய்மொழிதான் அதிக காலம் நிற்கும். அதையும் புரிந்துகொள்ளாதவர்கள் நடுவே ஒருவரைக் கொண்டுபோய் விடுவதென்றால், நினைவு தெளிவாக இருக்கும்போதே அவரிடம் சம்மதம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் செய்தது, எவ்வளவு நல்ல இல்லமானாலும், தவறுதான்.

2020 ஜனவரி முதல் ஜெர்மனியில், ஆண்டு வருமானம் 1,00,000 யூரோவைத் தாண்டாத பிள்ளைகளிடம் பெற்றோரின் பராமரிப்புச் செலவைக் கேட்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அது 1995-லேயே வந்திருக்க வேண்டும்.