டி.வி-யில் வந்த தாத்தா!

1950-களில் அமெரிக்க டி.வி-யில் சக்கைப்போடு போட்ட நிகழ்ச்சி, 'ஐ ஹேவ் காட் எ சீக்ரெட்'. மேடைக்கு வருபவரிடம் ஒரு ரகசியம் இருக்கும். எதிரே இருக்கும் பிரபலங்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

1956 பிப்ரவரியில் அந்த மேடைக்கு 95 வயதுத் தாத்தா ஒருவர் மெள்ள வந்து உட்கார்ந்தார். சாமுவேல் சீமோர். தச்சு வேலை பார்த்தவர். ஓட்டலில் கீழே விழுந்ததில் கண் வீங்கியிருந்தது. அவருடைய ரகசியம் என்ன தெரியுமா? ஆப்ரகாம் லிங்கன் சுடப்பட்டபோது, அதே தியேட்டரில் அவரும் இருந்தார்!

'அதெப்படி?' என்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 1865 ஏப்ரல் 14, வாஷிங்டன் ஃபோர்டு தியேட்டர். பெரியவர்களோடு நாடகம் பார்க்கப் போன சீமோருக்கு அப்போது வயது ஐந்து. திடீரென்று துப்பாக்கிச் சத்தம். மாடத்திலிருந்து ஒரு ஆள் மேடையில் குதித்து விழுந்தான். 'ஐயோ பாவம், விழுந்துட்டாரே... யாராவது தூக்கி விடுங்களேன்!' என்றுதான் குழந்தை தவித்தது. அந்த 'பாவப்பட்ட' ஆசாமிதான் கொலைகாரன் ஜான் வில்க்ஸ் பூத்!

அந்தச் சிறுவன் வளர வளர உலகமும் தலைகீழாக மாறியது. 15 வயதில் டெலிபோன் வந்தது. 43 வயதில் ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். 85 வயதில் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. குதிரை வண்டிக் காலத்துப் பையன், டி.வி. கேமரா முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்!

எல்லாமே மாறிவிட்டதா என்ன?

லிங்கன் கொல்லப்படுவதற்கு மூன்று நாள் முன்பு, ஏப்ரல் 11 அன்று, கறுப்பின மக்களில் ஒரு சாராருக்காவது ஓட்டுரிமை தரலாம் என்று பேசினார். கூட்டத்தில் நின்று அதைக் கேட்டுக் கொதித்தவன் பூத். 1870-ல் அரசியல் சட்டம் அந்த உரிமையைத் தந்தது. ஆனால் தென் மாநிலங்கள் பரீட்சை, வரி என்று ஏதேதோ சொல்லி ஓட்டுச்சாவடிக் கதவைச் சாத்தின.

சீமோர் டி.வி-யில் தோன்றியபோது மான்ட்கோமரி நகரில் என்ன நடந்துகொண்டிருந்தது? வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானதை எதிர்த்து, கறுப்பின மக்கள் பஸ்ஸையே புறக்கணித்து, மைல் கணக்கில் நடந்தே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் ஜனவரி 30 அன்றுதான் குண்டு வெடித்திருந்தது!

1956 ஏப்ரல் 12 அன்று சீமோர் காலமானார். லிங்கன் சுடப்பட்ட 91-வது நினைவு நாளுக்கு இன்னும் இரண்டே நாள். கறுப்பின மக்களின் ஓட்டுரிமையை நிஜமாகவே காப்பாற்றிய சட்டம் வந்தது 1965-ல்.

டெலிபோனும் விமானமும் அணுகுண்டும் அந்தத் தாத்தாவின் ஆயுளுக்குள் வந்துவிட்டன. லிங்கன் கேட்ட அந்த ஓட்டுக்கு மட்டும் 96 வருட ஆயுளும் போதவில்லை!