சீருடையும் சுயமும்: அலுன் லூயிஸின் போர்க்காலக் கவிதைகள்

நமது புறத்திணை மரபிலே போரைப் பாடிய புலவர் பெரும்பாலும் போர் செய்தவரல்லர். வென்றோனின் புகழையும் வீழ்ந்தோனின் பெருமையையும் அவர்கள் அருகிருந்து பாடினர். சீருடை தரித்தவனே கவிஞனாகித் தன் அகத்தை விசாரணை செய்யும் நிலை, படித்த இளைஞரைப் பெருந்திரளாய்ப் படையிற் சேர்த்த இருபதாம் நூற்றாண்டு யுத்தங்களோடு பரவலாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தின் ஆங்கிலக் கவிஞருள் அலுன் லூயிஸ் (1915–1944) நமக்கு நெருங்கியவர். அவர் இறுதி மாதங்கள் இந்தியாவிலும் பர்மாவிலும் கழிந்தன. 1943இல் விடுமுறையில் அவர் தங்கிய குன்னூர், வலப்பனையைப் போன்றே தேயிலை மலை.

தென் வேல்ஸில், அபர்டேரை அடுத்த நிலக்கரிச் சுரங்கக் கிராமமொன்றில் ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர் லூயிஸ். முப்பதுகளின் வேலையின்மை அச்சமூகத்தை நலிவித்ததைக் கண்டு வளர்ந்தார். இடதுசாரிச் சார்பும் யுத்த வெறுப்பும் உடையவராயிருந்தார். எனினும் 1940இற் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, பின்னர் அதிகாரியானார். மழையிற் கூடாரத்துள் முடங்கிய சிப்பாய்களைப் பற்றிய அவரது பெயர்பெற்ற ஆரம்பக் கவிதையிற் பேசுவது 'நாம்' என்னும் குரல். அதிகாரிப் பதவி அவரை அந்த 'நாம்' என்பதிலிருந்து பிரித்தது; 1942 இறுதியில் வந்தடைந்த இந்தியாவோ அவரை ஏகாதிபத்தியத்தின் பிரதிநிதியாகவே கண்டது. அவரிடம் காணப்படும் மரண ஈர்ப்பை உளநோயாக மட்டும் விளக்கும் விமர்சகர் உளர். மனச்சோர்வு அவருக்கு இருந்தமை மெய்யே. ஆயினும் சுரங்கத் தொழிலாளர் மத்தியில் வளர்ந்தவன் காலனியொன்றில் எசமானரின் சீருடையில் நடப்பதன் முரண்பாட்டை விலக்கிவிட்டு அந்த மனத்தை விளங்கிக்கொள்ளல் இயலாது.

விவசாயிகளைப் பற்றிய அவரது சிறு கவிதை இவ்விடத்து நோக்கற்பாலது. வீதியிற் கல்லுடைக்கும் பெண்களின் நிமிர்ந்த நடையில் அவர் அழகைக் காண்கிறார். அவர்தம் கூலியைப் பற்றி வினவுவதில்லை. கொழுந்துக் கூடையுடன் நிற்கும் பெண்ணைச் சித்திர அட்டையாக்கும் பார்வையை அறிந்த மலையக வாசகருக்கு இது உறுத்தும். (எனக்கும் உறுத்தியது.) ஆனால் முடிவிற் பார்வை புரள்கிறது: விவசாயிகள் நோக்கி நிற்க, மடிபவர் படையினர். தன்னை அவர்கள் கண்களால் நோக்கும் அக்கணமே கவிஞரின் சாதனை.

1944 மார்ச் 5ஆம் திகதி, அரக்கான் போர்முனையில், தமது கைத்துப்பாக்கியின் குண்டினாலேயே அவர் மாண்டார். விபத்தென இராணுவ விசாரணை கூறிற்று. தற்கொலை என்போர் பலர். இரண்டாம் கவிதைத் தொகுதி 1945இல் வெளிவந்தது.

அதே ஆண்டில், அதே பர்மாவில், மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர் எதிரணியில் நின்றனர். லூயிஸிடமிருந்து சீருடை அவரது மக்களைப் பறித்தது. 'கூலி' என்றே அழைக்கப்பட்டு வந்த இவர்களுக்கோ, அது முதன்முறையாக வேறொரு பெயரைக் கொடுத்தது.