பரிசா, தூண்டிலா?

உழைத்தவன் கூலி பெறுகிறான். வென்றவன் பரிசு பெறுகிறான். கூலி என்பது முன்னரே பேசி முடித்துக்கொண்டது. பரிசு என்பது ஒருவன் தகுதியைக் கண்டு மகிழ்ந்து பிறர் அளிப்பது. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவதொன்றும் உலகில் உண்டு. அது தூண்டிலிற் செருகிய புழு. மீன் அதனைத் தனக்குக் கிடைத்த பேறென்று எண்ணி வாய் திறக்கிறது. தூண்டிற்காரனோ அதனைத் தன் செலவுக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறான். சென்ற அரை நூற்றாண்டில் உலக மக்கள் பலரின் ஓய்வு நேரத்தில் ஒரு பகுதியைக் கைப்பற்றிக்கொண்ட வீடியோ விளையாட்டுக்கள் வழங்கும் வெகுமதிகள் இம்மூன்றில் எவ்வகையின்பாற் படும்? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டில் ஆராய என்ன இருக்கிறது என்று சில அன்பர்கள் நகைக்கக் கூடும். ஆனால் இன்று எத்தனையோ இல்லங்களில் நடப்பதைப் பாருங்கள். தந்தையார் தம் இளமையில் ஆடிய வீடியோ விளையாட்டை நினைந்து நெஞ்சுருகுகிறார். அதே தந்தையார் மகன் கையிலுள்ள விளையாட்டைக் கண்டு சீறுகிறார். மகன் கேட்கிறான்: "நீங்கள் ஆடியது இன்பம், நான் ஆடுவது நோயா?" இக்கேள்விக்கு நேர்மையான விடை கூறாமல் அதட்டி அடக்குவது அறிவுடைமையாகாது. சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தே விடை கூறவேண்டும்.

நியூயார்க் நகரத்து வழக்கு

வீடியோத் திரை தோன்றுமுன்னரே இவ்வழக்குத் தோன்றிவிட்டது. அமெரிக்காவில் 'பின்பால்' என்றொரு காசு யந்திரம் பெரிதும் பரவியிருந்தது. 1942-ம் ஆண்டில் நியூயார்க் நகர மேயர் லா கார்டியா, அது சூதாட்டமே என்று கூறித் தடை விதித்தார். காவலர்கள் யந்திரங்களைப் பறிமுதல் செய்து சம்மட்டியால் நொறுக்கினர். உருண்டையைத் தட்டி மேலேற்றும் துடுப்புக்கள் 1947-ம் ஆண்டிலேதான் அவ்வியந்திரத்திற் சேர்ந்தன. அதன்பின் ஆடுவோன் கைத்திறனுக்கு இடம் பெருகிற்று. ஆயினும் தடை 1976 வரை நீடித்தது. அவ்வாண்டில் ரோஜர் ஷார்ப் என்பார் நகர மன்றத்தார் முன்னிலையில் ஆடிக் காட்டினார். உருண்டை எந்த வழியிற் செல்லும் என்பதை முன்கூட்டியே சொல்லி, அவ்வண்ணமே செலுத்தினார். தடை நீங்கிற்று.

அந்நகர மன்றம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வெற்றி கையினால் வருகிறதா, குருட்டு வாய்ப்பினால் வருகிறதா? நாமும் இக்கேள்வியை உரைகல்லாகக் கொள்வோம்.

பழைய பரிசுகள்

1972-ம் ஆண்டில் அட்டாரி நிறுவனத்தார் 'பாங்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். கலிபோர்னியாவில் ஒரு மதுக்கடையில் வைத்த முதல் யந்திரம் சில நாளில் நின்றுவிட்டது. அதனை அமைத்த அலன் அல்கார்ன் சென்று திறந்து பார்த்தபோது, காசு நிரம்பி வழிந்ததே கோளாற்றின் காரணம் எனக் கண்டார். ஆடினவர்களுக்குக் கிடைத்த வெகுமதியோ ஓர் எண்ணும், எதிரியை வென்ற களிப்புமே.

1978-ம் ஆண்டில் ஜப்பானியர் தோமோஹிரோ நிஷிகாடோ அமைத்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' அதுவரை எவரும் எடுத்த மிகுந்த புள்ளியைத் திரையிற் காட்டி நின்றது. மறு ஆண்டில் வந்த 'ஆஸ்டராய்ட்ஸ்', சிறந்து ஆடியவன் தன் பெயரின் மூன்றெழுத்துக்களைப் பொறித்துவைக்க இடந்தந்தது. அந்த யந்திரங்களுக்கு ஒரு குணம் உண்டு. இரவில் மின்சாரத்தை நிறுத்தினால் புள்ளிப் பட்டியல் அழிந்துவிடும். நேற்றைய வீரன் இன்று காலையில் மற்றவரோடு வரிசையில் நின்று மீண்டும் தன் தகுதியைக் காட்டவேண்டும். பிறப்பாலோ செல்வத்தாலோ நிலைத்த புகழ் அங்கே இல்லை.

'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் மற்றொரு நயமும் உண்டு. திரையின் உச்சியில் அவ்வப்போது ஒரு மாயக்கப்பல் ஓடும். அதனைச் சுட்டால் சிலவேளை 50 புள்ளி, சிலவேளை 300. பார்ப்போர் அதனை அதிர்ஷ்டமென்றே எண்ணினர். உன்னிப்பாக எண்ணியவர்களோ அதிலுள்ள விதியைக் கண்டுபிடித்துவிட்டனர். 23-வது குண்டு அக்கப்பலில் பட்டால் 300. பின்னர் ஒவ்வொரு 15-வது குண்டுக்கும் 300. அதிர்ஷ்டமென்று தோன்றியது கணக்காய் முடிந்தது. அறிவுக்கு அகப்படும் அதிர்ஷ்டம் பரிசின் பாற்படும் அன்றோ!

தொழிலாளரின் பெயர் பற்றிய செய்தியொன்றையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். அக்காலத்தில் அட்டாரி நிறுவனத்தார் விளையாட்டை அமைத்தவர் பெயரை வெளியிடுவதில்லை. வாரன் ராபினெட் என்னும் ஊழியர், 1980-ம் ஆண்டில் வெளியான தம் 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டினுள்ளே எவருமறியாமல் ஓர் இரகசிய அறையை அமைத்து, அதில் தம் பெயரைப் பொறித்துவைத்தார். தேடிச் சென்று அவ்வறையைக் கண்டவனுக்குப் பொன்னில்லை, புள்ளியில்லை. ஒரு தொழிலாளி நிமிர்ந்து நின்று "இதைச் செய்தவன் நான்" என்று கூறும் குரலே பரிசு. அதைவிடப் பெரிய பரிசு எது?

தக்க பெயரும் ஊதியமும் கிடைக்கவில்லையென்று அந்நிறுவனத்தை விட்டு வெளியேறிய வேறு சிலர் 1979-ம் ஆண்டில் 'ஆக்டிவிஷன்' நிறுவனத்தைத் தொடங்கினர். அவருள் ஒருவரான டேவிட் கிரேன் அமைத்த 'பிட்பால்' 1982-ல் வெளிவந்தது. 20,000 புள்ளி எடுத்த சிறுவன், தொலைக்காட்சித் திரையைப் புகைப்படம் எடுத்துத் தபாலில் அனுப்பினால், சட்டையிற் தைத்துக்கொள்ளத் துணிச்சின்னம் ஒன்று வரும். அதுவும் விளம்பரமே, எனினும் திறமை இருந்தாலொழிய அது வாராது.

புறாவும் மனிதனும்

நிற்க. விளையாட்டுக் கூடத்தை விட்டுச் சிறிது நேரம் ஸயன்ஸ் கூடத்திற்குச் செல்வோம். அமெரிக்க உளநூலார் பி. எப். ஸ்கின்னர், பசித்த புறாக்களைக் கூண்டிலடைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவேளையில் தானியம் கிடைக்குமாறு செய்து, கண்டதை 1948-ம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு புறா இடப்புறமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. வேறொன்று கூண்டின் மூலையில் தலையை முட்டியது. தற்செயலாகத் தானியம் விழுந்த வேளையில் தான் செய்துகொண்டிருந்ததே அதற்குக் காரணமென்று கொண்டது போல் அவை நடந்தன. மூடநம்பிக்கையின் வித்து இதுவே என்றார் ஸ்கின்னர். பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர் 1971-ல் இதற்கு வேறு விளக்கமும் கூறினர்.

ஆனால் 1957-ல் பெர்ஸ்டர் என்பாரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட பெருநூலின் முடிபுகளில் ஒன்று அசையாது நிற்கிறது. ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் கிடைத்த புறா, தானியம் நின்றதும் கொத்துவதை விரைவில் விட்டுவிடும். எந்தக் கொத்துக்குக் கிடைக்குமென்று தெரியாதபடி மாற்றி மாற்றிக் கொடுத்தாலோ, அது ஓயாமற் கொத்தும். தானியம் நின்ற பின்னும் நெடுநேரம் கொத்தும். சூதாட்டக் காசு யந்திரத்தின் சூத்திரம் முழுதும் இதுவே.

இச்சூத்திரம் விளையாட்டினுள் நுழைந்ததே பிற்காலச் சரித்திரம். பொம்மையைப் பொதிந்து தரும் ஜப்பானியக் காசு யந்திரத்தின் பெயரால் 'காச்சா' என வழங்கும் முறை கைபேசி விளையாட்டுக்களில் பரவிற்று. காசு கொடுத்துப் பெட்டியைத் திறக்கலாம். உள்ளே என்ன இருக்குமென்று எவரும் அறியார். இவ்வாறு பெறும் பல பொருள்களை முழுத் தொகுதியாகச் சேர்த்தாலன்றி அரும்பொருள் கிடைக்காது என்னும் கொடிய வகையை ஜப்பானிய அரசின் நுகர்வோர் துறையார் 2012-ல் சட்டத்திற்கு மாறானதென அறிவித்தனர். 2018-ல் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்டக் கட்டுப்பாட்டுக் குழுவினர், சில விளையாட்டுக்களிலுள்ள இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று தீர்த்தனர். நியூயார்க் கேட்ட அதே கேள்வி! மாயக்கப்பலின் கணக்கைச் சிறுவன் விரல்விட்டு எண்ணிக் கண்டான். இப்பெட்டியின் கணக்கை எத்துணைக் கூரிய அறிவாலும் விரல்விட்டு எண்ணிவிட முடியாது.

பசு மறைந்த பின்

2010-ம் ஆண்டில் பேராசிரியர் இயன் போகோஸ்ட், அந்நாளில் பேஸ்புக்கிற் பெருகியிருந்த 'பார்ம்வில்' போன்ற விளையாட்டுக்களை எள்ளி நகையாடுவதற்காகவே 'கௌ கிளிக்கர்' என்ற ஒன்றை வெளியிட்டார். திரையில் ஒரு பசு. ஆறு மணிக்கு ஒருமுறை அதனைச் சொடுக்கலாம். சொடுக்கினால் ஒரு சொடுக்குக் கணக்கில் ஏறும். வேறொன்றுமில்லை. கேலியென்று செய்த இதனைப் பல்லாயிரவர் மெய்யாகவே ஆடினர். 2011-ல் அவர் பசுக்களையெல்லாம் மறையச் செய்தார். வெற்றுத் தரை மட்டும் எஞ்சியது. பசு நின்ற வெற்றிடத்தைச் சிலர் அதன் பின்னரும் சொடுக்கிக்கொண்டிருந்தனர்! ஸ்கின்னரின் புறாவை நினைவுகூர்க.

பரிசு அளவு மிஞ்சினால் இன்பமே குன்றும் என்பதற்கும் சான்றுண்டு. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர், படம் வரைவதில் விருப்பமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தனர். ஒரு பிரிவினருக்கு "வரைந்தால் அழகிய நற்சான்றிதழ் தருவோம்" என்று முன்னரே கூறிக் கொடுத்தனர். மற்றொரு பிரிவினருக்கு முன்கூட்டிச் சொல்லாமல், வரைந்த பின் கொடுத்தனர். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்துப் பார்த்தபோது, பரிசை எதிர்நோக்கி வரைந்தவர்கள் மற்றவர்கள் வரைந்த நேரத்திற் பாதியளவே வரைந்தனர். விளையாட்டு அவர்களுக்கு வேலையாகிவிட்டது. கூலி நின்றதும் வேலையும் நின்றது. 2005-ல் 'எக்ஸ்பாக்ஸ் 360' யந்திரம் ஒவ்வொரு சிறு செயலுக்கும் புள்ளி ஏற்றிக் கணக்கு வைக்கத் தொடங்கியது. பிறரும் அவ்வழியே சென்றனர். அதனாற் கிளர்ச்சி பெற்றவர் பலர். ஆட்டத்தை மறந்து புள்ளியையே துரத்தியவரும் பலர்.

நினைவின் வஞ்சகம்

இதுகாறும் கூறியவற்றைக் கேட்டுத் தந்தையார் "நான் சொன்னது சரிதானே" என்று மார்தட்ட வேண்டா. பழைய காசு யந்திரங்களும் தருமசாலைகளல்ல. சில நிமிடத்தில் ஆட்டம் முடிந்து அடுத்த காசு விழவேண்டுமென்றே அவை கடினமாய் அமைக்கப்பட்டன. பழமையை எண்ணி ஏங்கும் ஏக்கத்திற்கு 1688-ம் ஆண்டில் யோஹானஸ் ஹோபர் என்னும் மருத்துவ மாணவர் ஒரு பெயர் வைத்தார். ஊரைப் பிரிந்து வாடியோரைக் கண்டு அதனை நோயென்றே அவர் கருதினார். இன்று எவரும் அதனை நோயென்று கூறார். ஆயினும் அது இழந்த காசுகளை மறைத்து, இனித்தவற்றை மட்டும் காட்டுவது உண்மை.

இதனை எழுதுவோனும் அதற்கு விலக்கல்லன். காப்பிக் கடைக்கு அடுத்த கடையில் யந்திரம் இருந்தது. சட்டைப் பையில் இருந்தது ஒரே காசு. அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று கண்டது பத்து ஆட்டம். ஆடியது ஓர் ஆட்டம். எடுத்த புள்ளி எவ்வளவு என்று இன்று நினைவில்லை. பள்ளம் வந்தபோது அண்ணன் "இப்போது குதி!" என்று கூவியது மட்டும் காதில் நிற்கிறது. யந்திரம் அளித்த வெகுமதிகளெல்லாம் அழிந்தன. மனிதன் அளித்தது நின்றது.

ஆகவே மகன் கேட்ட கேள்விக்கு விடை, பழையது நன்று புதியது தீது என்பதன்று. இன்றும் திறமையைச் சோதித்து, ஓர் எல்லையில் முடிந்து, ஆடினவனை மகிழ்ச்சியோடு வீட்டுக்கு அனுப்பும் விளையாட்டுக்கள் உள்ளன. அன்றும் காசு விழுங்கிகள் இருந்தன. வேற்றுமையை அறிய மூன்று கேள்விகள் போதும். இவ்வெகுமதி என் திறத்தால் வந்ததா, காத்திருந்ததாலும் காசு கொடுத்ததாலும் வந்ததா? இவ்விளையாட்டுக்கு முடிவுண்டா? வெகுமதியை நீக்கிவிட்டால் மறுபடியும் இதனை ஆடுவேனா? இவற்றுக்கு மகனே விடை கண்டால், தூண்டில் அவனுக்குத் தெளிவாகத் தெரியும், தெரிந்தவன் கடிக்கமாட்டான்.

தந்தையரே, கைபேசியைப் பிடுங்குமுன் ஒருநாள் மகனருகே உட்கார்ந்து அவன் ஆடுவதைப் பாருங்கள். பள்ளம் வரும்போது "இப்போது குதி!" என்று கூவுங்கள். முப்பது ஆண்டுக்குப் பின் அவன் நினைவில் நிற்கப்போவது அதுவே.